பதின்மூன்றாம் சங்கீதத்தை அவசரமாக முடிக்காதே

பினாங்கு,
ஆகஸ்ட் 12

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் செவ்வாயன்று வந்தது. நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் சங்கதி: சாலை நெரிசல், சபைத் தேர்தல், நான் அண்ணன் என்று கூப்பிடும் உன் கணவரின் சர்க்கரை அளவு. விஷயம் கடைசி அரைப் பக்கத்தில்தான் இருந்தது. நம் தம்பி, உன் மகன், போய் ஐந்து மாதமாகிறது, வேதத்தைத் திறந்தால் எழுத்து ஓடுகிறது, ஜெபிக்க உட்கார்ந்தால் 'ஸ்தோத்திரம்' என்ற சொல்லே வாயில் வரவில்லை, விசுவாசம் என்னைவிட்டுப் போய்விட்டதா என்று கேட்டிருக்கிறாய்.

இங்கே பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. செயின்ட் ஆன் திருவிழாக் கூட்டம் கலைந்து புக்கிட் மெர்தாஜாம் பழையபடி ஆகிவிட்டது. சாயங்காலமானால் மழை. உன் கேள்விக்கே வருகிறேன்.

ஜெபம் என்றாலே ஸ்தோத்திரத்தில்தான் தொடங்க வேண்டும் என்று நம் சபைகளில் பழகிவிட்டோம். அது வராத நாளில் ஜெபமே வரவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். வேதத்தில் ஜெபப் பாடல்களாக இருக்கிற 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடு. ஆனால் நாம் 23, 91, 121 என்று அதே மூன்றைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறோம். துக்க வீட்டில்கூட அவைதான்.

13ஆம் சங்கீதத்தை எடு. ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் 'எதுவரைக்கும்' நான்கு முறை வருகிறது. எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் முகத்தை மறைப்பீர் என்று தாவீது கர்த்தரிடமே நேராகக் கேட்கிறான். மூன்றாவதும் நான்காவதும் விண்ணப்பம். ஐந்திலும் ஆறிலும்தான் 'உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்' என்று திரும்புகிறான். நாம் செய்கிற தப்பு, முதல் நான்கு வசனத்தை ஒரே மூச்சில் ஓட்டிவிட்டு ஐந்தில் போய் நிற்பது. சுற்றியிருப்பவர்களும் அங்கேதான் நம்மைத் தள்ளுகிறார்கள். விழுங்கிய அழுகை ராத்திரி மூன்று மணிக்கு வெளியே வருகிறது.

ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் வாங்கு. அண்ணன் வேலைக்குப் போனதும், பசியாறிய பிறகு, வெறும் வயிற்றில் வேண்டாம், பத்து நிமிஷம் உட்கார். சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொள். 'எதுவரைக்கும்' என்று தொடங்கி நான்கு வரி எழுது. ஒவ்வொரு வரியிலும் கண்ணால் பார்க்கிற, காதால் கேட்கிற ஒன்று இருக்கட்டும். 'எதுவரைக்கும் என் வேதனை' என்று பொதுவாக எழுதினால் மனசு நகராது. 'கேட் சத்தம் கேட்டால் எதுவரைக்கும் எட்டிப் பார்ப்பேன்' என்று எழுது. 'அவன் ஹெல்மெட்டை எதுவரைக்கும் அந்த ஆணியிலேயே தொங்கவிடுவேன்' என்று எழுது. பிறகு ஒரே ஒரு விண்ணப்பம், இன்றைக்கு மட்டும் போதுமான அளவில்: 'இன்று ராத்திரி நான்கு மணி நேரம் தூக்கம் தாரும்.' அதோடு நிறுத்து. ஐந்தாம் ஆறாம் வசனங்களை நீயாக எழுதாதே. புத்தகத்திலிருந்து சத்தமாக வாசி. அவை தாவீதின் வார்த்தை, இன்னும் உன்னுடையவை அல்ல. கடன் வாங்கி வாசிப்பதில் பொய் ஒன்றுமில்லை.

பத்து நிமிஷத்துக்கு மேல் போகாதே. எழுத்து அதே இடத்தைச் சுற்ற ஆரம்பித்துவிடும். படுக்கப் போகும் முன் எழுதுவதும் ஆகாது, கிளறிவிட்டுத் தூக்கத்தைக் கெடுக்கும்.

சில நாள் 13கூட அதிக வெளிச்சமாகத் தெரியும். அன்றைக்கு 88ஐ வாசி. அதில் கடைசியில் திருப்பமே கிடையாது. 'எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்' என்று இருட்டிலேயே முடிகிறது. முதல் வரியில் 'என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே' என்று கூப்பிடுகிறானே, அதைத் தவிர அதில் வேறு நம்பிக்கை வார்த்தையைத் தேடினாலும் கிடைக்காது. அப்படியும் அதை வேதத்திலிருந்து யாரும் எடுத்துப் போடவில்லை.

வேதத்திலுள்ள புலம்பல் புத்தகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எபிரெய எழுத்து 22. முதல், இரண்டாம், நான்காம் அதிகாரங்களில் எழுத்துக்கு ஒரு வசனமாக அகரவரிசையில் 22 வசனம். மூன்றாம் அதிகாரத்தில் எழுத்துக்கு மூன்று, ஆக 66. ஐந்தாவதிலும் 22தான், ஆனால் வரிசை இல்லை. எருசலேம் நகரமே எரிந்து கிடக்கும்போது ஒருவன் உட்கார்ந்து எழுத்து எண்ணி அழுதிருக்கிறான். அழுகைக்கு ஒரு தொடக்கமும் முடிவும் போட்டு, அதைக் கையில் பிடிக்கிற அளவுக்குக் கொண்டுவருகிற வேலை அது. 'அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை, அவைகள் காலைதோறும் புதியவைகள்' என்று நாம் காலண்டரில் அச்சடித்து மாட்டுகிற வசனம் அந்த மூன்றாம் அதிகாரத்தின் நடுவில் இருக்கிறது, முடிவில் இல்லை. அதற்குப் பிறகும் இரண்டு அதிகாரம் அழுகை பாக்கி.

நம்மிடம் உயிரெழுத்து 12 இருக்கிறது. அ முதல் ஔ வரை நாளுக்கு ஓர் எழுத்து, ஒரு வரி. ஔவுக்கு என்ன செய்வேன் என்று கேட்பாய். ஔவியம் என்று பள்ளியில் படித்தோமே, பொறாமை. அடுத்த வீட்டுப் பையன் பட்டமளிப்பு உடையில் நிற்கிற படம் வாட்ஸ்அப்பில் வந்தபோது உனக்குள் எழுந்தது எதுவோ, அதை அந்த எழுத்துக்கு நேரே எழுது. மறைத்தால்தான் அது பாவமாக வளரும்.

'தேவனுக்கு ஒரு நல்ல பூ தேவைப்பட்டது, பறித்துக்கொண்டார்' என்று சொன்னவர்களைப் பற்றி எழுதியிருந்தாய். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், ஆனால் அது வேதத்தில் இல்லை. 1 கொரிந்தியர் 15:26 மரணத்தைச் சத்துரு என்கிறது, கடைசிச் சத்துரு. தோட்டக்காரனின் கை என்று சொல்லவில்லை. ரோமர் 8:28ஐச் சொல்லி வாயடைக்கிறவர்களும் உண்டு. 'சகலமும் நன்மைக்கு ஏதுவாக' என்று. அதே அதிகாரத்தில் அதற்கு முன்னால் மூன்று முனகல் இருக்கிறது. 22இல் சிருஷ்டி, 23இல் நாம், 26இல் ஆவியானவர். கிரேக்கத்தில் மூன்றும் ஒரே சொல்லின் கிளை. நம் மொழிபெயர்ப்பில் 'தவித்து', 'தவிக்கிறோம்', 'பெருமூச்சுகள்' என்று பிரிந்துபோனதால் தொடர்பு கண்ணில் படுவதில்லை. 28க்கு வருவதற்குள் தேவனே நம்மோடு சேர்ந்து முனகிவிட்டார். அந்த வரிசையை மாற்றி வாசித்தால் வசனம் கல்லாகிவிடும். ஆனால் இதையெல்லாம் அவர்களிடம் விளக்கிக்கொண்டிருக்காதே. 'நன்றிம்மா, எனக்காக ஜெபியுங்கள்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடு. துக்கத்தில் இருக்கிறவள் போதகம் நடத்த வேண்டியதில்லை.

அண்ணன் வாயே திறப்பதில்லை, தோட்டத்தில் மண்ணைக் கொத்திக்கொண்டே இருக்கிறார் என்கிறாய். லாசரு இறந்துபோன யோவான் 11ஐ மெதுவாக வாசித்துப் பார். அவன் சகோதரிகளில் மார்த்தாள் இயேசுவைப் பார்க்க ஊருக்கு வெளியே ஓடிப் போகிறாள், மரியாள் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாள். 21ஆம் வசனத்தில் மார்த்தாள் சொன்னதைத்தான் 32இல் மரியாளும் சொல்கிறாள்: 'நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்.' குறை ஒன்று, ஆனால் இயேசு இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. மார்த்தாளிடம் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசுகிறார். மரியாளிடம் பேசவே இல்லை, கல்லறை எங்கே என்று கேட்டுவிட்டுக் கண்ணீர் விடுகிறார். உனக்குப் பேச்சு வேண்டும்; அண்ணனுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். சாயங்காலம் இரண்டு கோப்பி எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய் உட்கார். தம்பியைப் பற்றி நீயாக எதுவும் கேட்காதே. அவராகப் பேரைச் சொல்கிற நாள் வரும். அன்றைக்குத் திருத்தாமல், வசனம் சொல்லாமல் கேட்டுக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை. ஆலயத்துக்குப் போவதை நிறுத்தாதே, ஆனால் பழைய மாதிரி முதல் வரிசைக்குப் போகாதே. பக்கவாசலுக்கு அருகில் கடைசி வரிசையில் உட்கார். முதல் பாட்டு முடிந்த பிறகு உள்ளே போ. துக்கத்தில் இருப்பவர்களை உடைப்பது பெரும்பாலும் பிரசங்கம் அல்ல, பாட்டுத்தான். பாட முடியாவிட்டால் நின்றால் போதும், சுற்றிலும் பாடுகிறவர்கள் உன் பங்கையும் சேர்த்துத்தான் பாடுகிறார்கள். ஒரே ஒருத்தியிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லி வை: 'நான் எழுந்து வெளியே போனால் ஐந்து நிமிஷம் கழித்து வந்து பார்.' கூட்டமாக ஓடி வரமாட்டார்கள். அப்பமும் ரசமும் தருகிற திருவிருந்து நடக்கும் ஞாயிறை மட்டும் விடாதே. வாய் மூடிக் கிடக்கும்போதும் கை நீட்டி வாங்க முடிகிற காரியம் அது ஒன்றுதான்.

வருஷத் திதி விஷயம். அண்ணனின் அக்கா படையல் போட வேண்டும் என்கிறார், சபையில் கூடாது என்கிறார்கள், நடுவில் நீ. இப்போதே, இன்னும் ஏழு மாதம் இருக்கும்போதே, அண்ணனை விட்டுப் பேசச் சொல். நீ பேசினால் மருமகள் தடுத்தாள் என்று ஆகிவிடும். 'படையல் வேண்டாம் அக்கா, அதே நாளில் நினைவு ஜெபம் வைக்கிறோம், எல்லாருக்கும் சைவச் சாப்பாடு, தம்பியைப் பற்றி நீங்கள்தான் முதலில் பேச வேண்டும்' என்று சொல்லட்டும். தன் தம்பி மகனுக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் போகிறதே என்பதுதான் அவர் வருத்தம். செய்ய ஒன்று கொடுத்தால் பாதி சண்டை இருக்காது. ஜெபம் அரை மணிக்கு மேல் வேண்டாம். பாஸ்டரிடம் அதைச் சொல்லிவிடு, அன்றைக்கு வீட்டுக்கு வந்த இந்து உறவினரைப் பார்த்துப் பிரசங்கம் நீண்டுவிடும் ஆபத்து உண்டு.

அதற்கு முன்னால் கிறிஸ்துமஸ் வருகிறது. கேரல் குழு நவம்பரிலேயே வீட்டுப் பட்டியல் போட்டுவிடும். அதற்குள் சொல்லிவிடு: ஒன்று, இந்த வருஷம் வர வேண்டாம், அல்லது வாருங்கள், கிட்டார் இல்லாமல் ஒரே பாட்டு, ஒரு சிறு ஜெபம், பலகாரம் எதிர்பார்க்காதீர்கள். இரண்டும் சரிதான். சொல்லாமல் விட்டால் மட்டும் இருபது பேர் தொப்பியோடு வாசலில் வந்து நிற்பார்கள். ஹாலில் விளக்கு மரம் வைக்க மனசில்லையென்றால் வைக்காதே; ஒரு மெழுகுவர்த்தி போதும். இங்கே வெஸ்டர்ன் ரோடு கல்லறையில், இறந்தவர்களை நினைக்கும் நாளான நவம்பர் 2 சாயங்காலம் கத்தோலிக்கக் குடும்பங்கள் கல்லறைகளைக் கழுவி மெழுகுவர்த்தி ஏற்றுகின்றன, பிள்ளைகள் நடுவில் ஓடியாடுகிறார்கள். நம் பக்கத்தில் அப்படி ஒரு நாளைக் கைவிட்டது நஷ்டம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. செராஸில் தம்பியின் கல்லறைக்கு ஒரு நாள் போய்விட்டு வாருங்கள், இரண்டு பேருமாக.

உடம்பைப் பற்றி. சூரைச்செடியின் கீழே சாக வேண்டும் என்று படுத்த தீர்க்கதரிசி எலியாவிடம் தூதன் முதலில் வசனம் சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, 'எழுந்திருந்து போஜனம்பண்ணு' என்றான். சாப்பிட்டுத் திரும்பப் படுத்தவனை மறுபடி எழுப்பி மறுபடி சாப்பிட வைத்தான். கர்த்தர் பேசியது அதற்கெல்லாம் பிறகுதான். நீ மத்தியானம் சாப்பிடுவதில்லை என்று உன் தங்கை சொன்னாள். ஐந்து மாதத்தில் அழுகை நிற்காதது நோய் அல்ல. பெரியவர்களுக்கு 12 மாதம் தாண்டியும் துக்கம் தணியாமல் அன்றாட வாழ்க்கையை முடக்கினால்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு அதற்குத் தனிப் பெயர் கொடுக்கிறது. ஆனால் தூக்கம் அடியோடு போனாலோ, அவனிடமே போய்விடலாம் என்ற எண்ணம் வந்தாலோ, மாதக் கணக்குப் பார்க்காதே. கிளினிக்குக்குப் போய் டாக்டரிடம் அதே வார்த்தையில் சொல். ராத்திரியில் என்றால் பெஃப்ரெண்டர்ஸ் உதவித் தொலைபேசி, 03-7627 2929, எந்நேரமும் எடுப்பார்கள். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் அந்த அடையை ஞாபகப்படுத்து.

ஒரு காகித வேலையும் இருக்கிறது, எரிச்சல்படாதே. தம்பியுடைய ஈபிஎஃப், அதாவது தொழிலாளர் சேமநிதி. சேமிப்புப் பணம் எங்கேயும் போகாது, ஆனால் 2,500 வெள்ளி மரண உதவித்தொகைக்கு இறந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். உனக்கு இன்னும் ஒரு மாதம்கூட முழுசாக இல்லை. இறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு கவுண்டரில் நிற்க முடியவில்லை என்றால் உன் தங்கையைக் கூட்டிப் போ.

நான் 30ஆம் தேதி சனிக்கிழமை பட்டர்வொர்த்திலிருந்து காலை ரயிலில் வருகிறேன், மத்தியானத்துக்குள் கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்கிவிடுவேன். சமைக்காதே, புளிச்சாதமும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் கொண்டு வருகிறேன். அவன் அறையைத் திறக்கச் சொல்லமாட்டேன். நீயாகத் திறந்தால் உள்ளே வந்து உட்காருகிறேன், இல்லாவிட்டால் தோட்டத்தில் அண்ணனோடு கோப்பி குடிக்கிறேன். நோட்டுப் புத்தகத்தை எனக்குக் காட்ட வேண்டியதில்லை.

அன்புடன்,
உன் பழைய தோழி