நாற்பத்தோராவது நிமிடம்

திருநகர், மதுரை
ஐப்பசி, விடாத மழை

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டேன். ஏழு நிமிடத்தில் ஆறு நிமிடம் ப்ளூ-ரே படத்தை ஒழுங்காகச் சுருக்கித் தராத கம்ப்யூட்டருக்கு வசவு, ஒரு நிமிடம் மருமகள் வைத்த மீன் குழம்புக்குப் புகழ்ச்சி. குழம்புக்குப் பதில் நேரில் வந்து சொல்கிறேன். கம்ப்யூட்டருக்கு இந்தக் கடிதம். போனில் டைப் அடித்தால் கட்டைவிரல் தேய்ந்துவிடும், அதனால்தான் மெயில். இன்லாண்ட் லெட்டரில் ஓரமெல்லாம் எழுதி ஒட்டுகிற இடத்திலும் நாலு வரி திணிப்போமே, அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை, நீளமாகத்தான் வரும்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். முட்டி வலி மழைக்குக் கொஞ்சம் பேசுகிறது. பேத்தி எல்கேஜி சேர்ந்துவிட்டாள், தாத்தாவுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கிறாள்.

நானும் உன்னை மாதிரிதான் இரண்டு மாதமாக ப்ளூ-ரேயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். 2014-ல் பாப்பா கல்யாணத்துக்கு ஸ்டூடியோக்காரர் இரண்டு டிஸ்க் கொடுத்தாரே, ஞாபகம் இருக்கா? "டிவிடி எல்லாம் பழசு சார், ஹெச்டியில போட்டுத் தர்றேன்" என்று தனியாகக் காசு வாங்கினார். வீட்டு ப்ளேயர் போன வருஷம் கண்ணை மூடியது. கம்ப்யூட்டரிலோ டிஸ்க் போடுகிற வாயே இல்லை. வெளியே மாட்டுகிற டிரைவ் ஒன்று வாங்கி, அதுவும் முன்பக்க யுஎஸ்பியில் கரண்ட் பற்றாமல் டிக் டிக் என்று அடித்து, பின்பக்கத்துக்கு மாற்றிய பிறகுதான் ஒழுங்காகச் சுற்றியது.

ஒரு டிஸ்க் 22 ஜிபி. அதைச் சுருக்கி டிவியில் போட்டுப் பார்த்தேன். பாப்பா மணையில் அசையாமல் உட்கார்ந்திருக்கிற இடம் கண்ணாடி மாதிரி இருந்தது. கெட்டிமேளம் கொட்டினதும் பார், தவில்காரர் கை சீப்புப் பல்லாகப் பிளந்துகொண்டது. குச்சி ஒன்று அல்ல, இருபது மெல்லிய கோடு. அட்சதை போடுகிற கைகள் எல்லாம் அப்படித்தான். சுருக்கியதில் தரம் போய்விட்டது என்று நினைத்தேன். ஹேண்ட்பிரேக்கில், அதுதான் சுருக்குகிற சாஃப்ட்வேர், தரத்தை வைக்கிற ஆர்எஃப் எண்ணை 22-லிருந்து 18-க்கு இறக்கினேன், மறுநாள் 16. எண் இறங்க இறங்கத் தரமும் ஏறும், சைஸும் ஏறும். 1080-க்கு 20-லிருந்து 24 வரை போதும் என்று ஹேண்ட்பிரேக் ஆட்களே எழுதி வைத்திருக்கிறார்கள், நான் கேட்டால்தானே. மூன்று ராத்திரி. ஆறு ஜிபி ஃபைல் பதினொரு ஜிபி ஆனது. சீப்பு அப்படியே இருந்தது, முன்னைவிடத் துல்லியமாக!

நாலாவது நாள்தான் புத்தி வந்தது. சுருக்கின ஃபைலை விட்டுவிட்டு, டிஸ்கில் இருக்கிற மூலத்தையே விஎல்சி ப்ளேயரில் போட்டு, கோடுகளை ஒட்டிக் காட்டுகிற டீஇன்டர்லேஸை அணைத்து, அந்தத் தவில் குச்சியில் நிறுத்திப் பார்த்தேன். சீப்பு அங்கேயே இருக்கிறது, மாப்ள. அது 1080ஐ, அதாவது இன்டர்லேஸ்டு. ஸ்டூடியோ கேமரா ஒவ்வொரு ஃப்ரேமையும் ஒற்றைப்படைக் கோடு, இரட்டைப்படைக் கோடு என்று 540, 540 ஆக இரண்டு பாதியாகப் பிடித்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஐம்பதில் ஒரு பங்கு செகண்ட். அதற்குள் கை நகர்ந்துவிடுகிறது. பழைய ப்ளேயரும் டிவியும் சேர்ந்து அந்தப் பாதிகளை ஒட்டிக் காட்டியதால் இத்தனை வருஷம் நமக்குத் தெரியவில்லை. ஹேண்ட்பிரேக்கும் சும்மா விட்டிருந்தால் தானாகவே கண்டுபிடித்துச் சரி செய்திருக்கும். நான்தான் யூடியூபில் எவனோ சொன்னான் என்று ஃபில்டர் எல்லாவற்றையும் ஆஃப் செய்து வைத்திருந்தேன். டீஇன்டர்லேஸைப் போட்டு, அதில் பாப் என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தேன். செகண்டுக்கு 50 ஃப்ரேமாக விரித்துக் கொடுத்தது. வேகத்தை 25 என்று கட்டிப்போடாமல் விடவேண்டும், இல்லாவிட்டால் விரித்தது வீண். இப்போது குச்சி ஒன்றுதான், விரலில் போட்டிருக்கிற கூடுகூடத் தனித்தனியாகத் தெரிகிறது.

உன் பையன் கல்யாண டிஸ்கும் அதே காலத்து ஸ்டூடியோ வேலைதான், அதையும் பார்த்துக்கொள். ஃபைலின் விவரம் காட்டுகிற மீடியாஇன்ஃபோவில் அதைப் போட்டால் ஸ்கேன் டைப் என்ற வரியில் இன்டர்லேஸ்டா என்று ஒரே சொல்லில் தெரிந்துவிடும். அதைச் சரி செய்யாமல் 720-க்குக் குறுக்கிவிடாதே. கோடுகள் ஒன்றோடொன்று கலந்து குழைந்துவிட்டால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

இனி உன் படத்துக்கு வருகிறேன். 36 ஜிபி இங்கிலீஷ் படம் ராத்திரி முழுக்க ஓடி 25 ஜிபிதான் ஆனது என்று அழுகிறாய். நீ அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆடியோவில் இரண்டு டிராக், இரண்டும் டிடிஎஸ்-ஹெச்டி மாஸ்டர் ஆடியோ என்கிற கனமான ஒலி. இங்கிலீஷ் ஒன்று, ஃப்ரெஞ்சு ஒன்று. இரண்டையும் 'பாஸ்த்ரூ' என்று அப்படியே கடத்தியிருக்கிறாய். அதிலேயே ஆறரை ஜிபி போய்விட்டது. உன் வீட்டில் ஃப்ரெஞ்சு பேச ஆள் யார்? அதைத் தூக்கு. இங்கிலீஷை ஏசி3 என்ற சின்ன ஒலி வகைக்கு, 640 கேபிபிஎஸ்ஸில் மாற்று. டிவியில் படம் ஓடுகிறது, சத்தம் வரவில்லை என்றாயே, அதற்கும் இதுதான் மருந்து. நிறைய டிவிகளுக்கு டிடிஎஸ் புரியாது, ஊமையாக உட்கார்ந்திருக்கும்.

மிச்சம் படத்தின் குற்றம் இல்லை, ஃபிலிமின் குணம். பழைய ஃபிலிம் என்றால் திரை முழுக்க மணல் தூவின மாதிரி பொடிப்பொடியாக ஆடிக்கொண்டிருக்குமே, அந்த ஆட்டம் ஒவ்வொரு ஃப்ரேமிலும் புதுசு. ஹேண்ட்பிரேக்குக்குள் சுருக்குகிற எக்ஸ்265 பாவம், போன ஃப்ரேமைப் பார்த்து இந்த ஃப்ரேமை ஊகித்துத்தான் சுருக்குகிறது. ஊகிக்க முடியாத மணலை அப்படியே சுமந்தாக வேண்டும். ஆர்எஃப் 18 வேறு போட்டிருக்கிறாய். 21, 22-க்கு ஏற்றிப் பார். மணலைத் துடைக்கிற டீநாய்ஸ் போட்டால் இன்னும் சுருங்கும், ஆனால் லேசாகப் போடு. அதிகம் போட்டால் நடிகர் முகம் மெழுகுப் பொம்மை ஆகிவிடும். எனக்கு மணலே பிடிக்கும், நான் போடுவதில்லை.

ஒன்று செய், மாப்ள. முழுப் படத்தையும் ஓடவிட்டுக் காலையில் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாதே. அத்தியாயம் 1-லிருந்து 12 வரை என்று இருக்கிற இடத்தில் செகண்ட் என்று மாற்றி, இருப்பதிலேயே கஷ்டமான ஒரு நிமிடத்தை மட்டும் சுருக்கிப் பார். இருட்டு, புகை, கூட்டம், இப்படி ஏதாவது. நான் ஹோமப் புகையை வைத்துத்தான் பார்த்தேன். புகை படிக்கட்டு படிக்கட்டாக ஏறியது. எக்ஸ்265-ல் நிறத்தை நுணுக்கமாகப் பிரிக்கிற 10 பிட்டுக்கு மாற்றினதும் ஒழுங்காகக் கலைந்து போனது. என்னுடைய ஐ3 ப்ராசஸரில் முழு டிஸ்க் ஒன்பது மணி நேரம், இந்த ஒரு நிமிடம் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். வேகமாக வேண்டுமென்று ப்ராசஸரிலேயே இருக்கிற க்விக்சிங்க்கில் போட்டால் அரை மணியில் துப்பிவிடும், ஆனால் அதே தரத்துக்கு ஃபைல் பெரிதாக வரும். இடத்தை மிச்சம் பிடிக்கத்தானே இத்தனை பாடு?

தமிழ் டிராக் விஷயம்தான் உன் மெசேஜிலேயே எனக்குப் பிடித்த இடம். பழைய டிவிடியிலிருந்து தமிழ் டப்பிங்கை எடுத்து ப்ளூ-ரே படத்தில் ஒட்டினேன், ஆரம்பத்தில் சரியாக இருக்கிறது, போகப் போக சத்தம் முந்துகிறது, கடைசியில் வில்லன் சுடுவதற்குள் ஹீரோ செத்துவிடுகிறான் என்றாய். சிரித்து எனக்குப் புரையேறியது. வசனம் எல்லா இடத்திலும் ஒரே அளவு தள்ளியிருந்தால் அது வெறும் தாமதம். விஎல்சியில் ஜே, கே தட்டி எத்தனை மில்லிசெகண்ட் என்று கண்டுபிடித்துக்கொள்ளலாம். ஒரு இடத்தில் மட்டும் திடீரென்று குதித்தால் நடுவே துண்டு காணாமல் போயிருக்கிறது. உனக்கு இரண்டும் இல்லை, வளர்ந்துகொண்டே போகிறது. அப்படியென்றால் வேகமே வேறு. ப்ளூ-ரேயில் படம் செகண்டுக்கு 23.976 ஃப்ரேம். உன் டிவிடி பால் (PAL) என்ற டிவி முறையில் வந்தது, அதில் 25. நூற்றுக்கு நாலு வேகம் கூட. இரண்டு மணி நேரப் படம் அங்கே கிட்டத்தட்ட ஐந்து நிமிடம் முன்னாலேயே முடிந்துவிடும். டிராக்குகளை ஒரே ஃபைலாகச் சேர்க்கிற எம்கேவி டூல்நிக்ஸில் நீட்டு என்று ஒரு கட்டம் இருக்கிறது, அது ஆடியோவுக்கு ஆகாது; அந்தத் தமிழ் டிராக்கை ஆடாசிட்டி மாதிரி ஒலி எடிட்டரில் போட்டு வேகத்தை 0.959 மடங்காக, அதாவது 23.976/25 ஆகக் குறைத்து, பிறகு சேர். வில்லன் சுட்ட பிறகுதான் ஹீரோ சாவான்.

சப்டைட்டில் காணாமல் போனதற்குப் பெரிய மர்மம் இல்லை. ப்ளூ-ரேயில் அது எழுத்து அல்ல, படம். எம்பி4 ஃபைலுக்குள் அது உட்காராது, ஃபைல் வகையை எம்கேவி என்று மாற்று. அப்புறம், பென் டிரைவில் ஏறவில்லை என்பது எஃப்ஏடி32 என்ற ஃபார்மேட்டின் சேட்டை. 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைலை அது வாங்காது. என்டிஎஃப்எஸ்-ஆக ஃபார்மேட் செய், முதலில் உன் டிவி அதைப் படிக்கிறதா என்று பார்த்துக்கொள்.

இன்னொன்று. 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தில் 65ஏ என்று சேர்த்தார்கள், டிஸ்கின் காப்பிப் பூட்டு மாதிரியானதை உடைப்பதைப் பற்றியே அது பேசுகிறது. நீ காசு கொடுத்து வாங்கின டிஸ்க், நீ பார். மச்சினன் கேட்டான், மாமன் கேட்டான் என்று காப்பி போட்டுக் கொடுக்காதே. கல்யாண டிஸ்கில் பூட்டும் இல்லை, பயமும் இல்லை.

கம்ப்யூட்டர் பாதியில் பொட்டென்று அணைந்துபோவதைச் சொல்ல மறந்தேனே. எனக்கும் அதேதான். சுருக்குகிறபோது ப்ராசஸரின் எல்லாக் கோரும் மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓடும், நாம் வழக்கமாகச் செய்கிற வேலை எதுவும் அதை அப்படி வாட்டாது. சூட்டைப் பார்த்தேன், 98 டிகிரி. பக்கத்து மூடியைக் கழற்றினால் ஃபேனுக்கு அடியில் தூசி பஞ்சு மெத்தை மாதிரி. பிரஷ்ஷால் தட்டி, ப்ராசஸர் மேல் காய்ந்துபோன பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவினேன், 76-க்கு வந்தது. ஆனாலும் ஒரு நாள் அணைந்தது. அது இன்வெர்ட்டர். கரண்ட் போனதும் மாறுகிற அந்தக் கண நேரத்தில் கம்ப்யூட்டர் சாய்கிறது. பின்னால் யுபிஎஸ் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது பார், அதில் போட்டால் சட்டென்று மாறிக்கொள்ளும். எம்கேவியாக எழுத இன்னொரு காரணமும் இதிலே இருக்கிறது. எம்பி4 தன் அட்டவணையைக் கடைசியில்தான் எழுதும், எட்டரை மணி நேரம் ஓடி அணைந்தால் ஒன்றுமே திறக்காது. எம்கேவி ஆனமட்டும் ஓடும்.

இத்தனையும் சரி செய்தேன், மாப்ள. ஒன்றுதான் முடியவில்லை. உன் உதவி அதற்குத்தான் வேண்டும்.

இரண்டாவது டிஸ்கில் பந்தி வருகிறது. முதலில் டிஸ்கிலிருந்தே நேராகச் சுருக்கப் போனேன், நாற்பத்தோராவது நிமிடத்தில் நின்றது. சரி, எல்லாவற்றையும் ஹார்டு டிஸ்கில் காப்பி செய்துகொண்டு பிறகு சுருக்குவோம் என்று போனால், அங்கேயும் டிரைவ் உறுமி உறுமிப் பார்த்துவிட்டு சைக்ளிக் ரிடண்டன்சி செக் என்று, அதாவது படிக்க முடியவில்லை என்று மிரட்டியது. வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன், பாப்பா வீட்டு டிரைவில் போட்டுப் பார்த்தேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் நகத்தால் கீறின மாதிரி ஒரு கோடு. சிடியில் தகவல் அடுக்கு 1.2 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும், ப்ளூ-ரேயில் வெறும் 0.1. பாலிஷ் போட்டுத் தேய்க்க அங்கே சதையே இல்லை.

அதற்கு முந்தைய ஷாட்டில் நீ வாளியோடு வருகிறாய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. அடுத்தது அப்பா இலை. நீ பாயசம் ஊற்றப் போகிறாய், அவர் போதும் என்று கையை நீட்டுகிறார். நீட்டின கை அப்படியே உறைந்து, கட்டம் கட்டமாகி, பிறகு கை கழுவுகிற இடத்துக்குப் போய்விடுகிறது. நடுவே ஒன்றரை நிமிடம் இல்லை. அப்பா பேசியது அந்த ஒரு இடத்தில்தான், மற்ற இடத்தில் எல்லாம் கூட்டத்தில் நிற்கிறார்.

ஸ்டூடியோவில் கேட்டேன், அந்த ஹார்டு டிஸ்க் எப்போதோ போய்விட்டதாம். ஆனால் அன்றைக்கு மூன்று செட் போட்டார்கள். ஒன்று சம்பந்தி வீட்டுக்கு, அவர்கள் வீடு மாறும்போது எங்கேயோ போட்டுவிட்டார்கள். இன்னொன்றை நான்தான் உன்னிடம் கொடுத்தேன், பச்சைக் கவரில். உன் வீட்டுக்காரியிடம் கேள், பீரோவில் மேல் தட்டில் ஆல்பத்தோடு இருக்கும். இருந்தால் துடைக்காதே. தூசி இருந்தால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக, கண்ணாடி துடைக்கிற துணியால் மட்டும். வட்டமாகத் தேய்க்கவே கூடாது. இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து கூரியரில் போடு, காசு நான் தருகிறேன். இல்லையென்றால் பொங்கலுக்கு வருகிறபோது கையோடு கொண்டு வா, அவசரம் இல்லை.

அப்படியே அவர் என்ன சொன்னார் என்று உனக்கு ஞாபகம் இருந்தால் எழுது.

உன் மச்சான்