ஹெட் கேஸ்கட் வாங்க முன்னம்

ஆசிரியருக்கு,

எஞ்சின் சூடேறி ஹெட் கேஸ்கட் (சிலிண்டர்கள் உள்ள புளொக்குக்கும் அதை மூடுகிற ஹெட்டுக்கும் இடையில் கசியாமல் அடைக்கிற தகடு) போனால் யோசிக்காமல் உருக்குக் கேஸ்கட்டுக்கு மாறச் சொல்லிச் சென்ற வாரம் உங்கள் விவசாயப் பக்கத்தில் எழுதியிருந்தார்கள். இடம்பெயர்ந்த காலம் போக, மற்றக் காலமெல்லாம் மாங்குளத்தில் கராஜ் நடத்துகிறவன் நான். அந்த ‘யோசிக்காமல்’தான் எனக்கு உதைக்கிறது.

உருக்குக் கேஸ்கட் நல்ல சாமான்தான். அடுக்கடுக்கான மெல்லிய தகடுகள். வில்லுப்போல அமுங்கி எழும். அலுமினிய ஹெட், வார்ப்பிரும்பு புளொக் உள்ள வான்களுக்கு அதுதான் சரி. அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளும். அரை மீற்றர் நீள ஹெட்டில் 80 பாகை ஏறினால், இரண்டுக்கும் இடையில் அரை மில்லிமீற்றர் அளவுக்கு இழுபறி. அவ்வளவும் கேஸ்கட்டின் தலையில்தான்.

ஆனால் உருக்கு, அது அமர்கிற ஹெட், புளொக் முகத்தில் ஒரு கீறலையும் பொறுக்காது. இந்த மாசியில் நெல் ஏற்றுகிற வான் ஒன்று வந்தது. அறுவடை அவசரம். ஹெட்டைச் சமப்படுத்தாமல் உருக்குக் கேஸ்கட்டைப் போட்டு அனுப்பினேன். மூன்று கிழமையில் வெள்ளைப் புகையோடு திரும்பி வந்தது. கழற்றினால், தண்ணீர்த் துளையில் இருந்து சிலிண்டருக்கு நூல் மாதிரி ஒரு தடம். பிழை என்னுடையது. இப்போது முகத்தின் மேல் நேர்சட்டத்தை வைத்து, இடைவெளி அளக்கிற 0.05 மில்லிமீற்றர் ஃபீலர் தகடு அடியில் நுழைகிறதா என்று பார்க்காமல் எதையும் போடுவதில்லை.

எங்கள் பழைய உழவு இயந்திரங்களில் ஹெட்டும் இரும்பு, புளொக்கும் இரும்பு. இரண்டும் ஒன்றாக நீளும். கொஞ்சம் அரித்த முகம் என்றால் கிராஃபைட் கேஸ்கட் போதும். மென்மையானது, சின்னப் பள்ளங்களில் தானே அமர்ந்துவிடும். தனிக் கிராஃபைட் கடும் சூட்டில் காற்றுப் பட்டால் எரிந்து தேயும் என்பதால், சிலிண்டர் வாயைச் சுற்றி உருக்கு வளையம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

செம்பை நான் மறக்கமாட்டேன். போர்க்காலத்தில் பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்கள் சிலிண்டருக்குள் வெடித்துத் தட்டித் தட்டியே கேஸ்கட்டைத் தின்றன. செப்புத் தகட்டை வெட்டி, சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இளகிவிடும், திரும்பவும் போடலாம். காற்றுக் குளிர்ச்சி எஞ்சினுக்கு அது போதும். தண்ணீர் ஓடுகிற ஹெட்டுக்குச் செம்பை மட்டும் நம்பினால் கசியும்.

பழைய அஸ்பெஸ்டஸ் கேஸ்கட் சூட்டை நன்றாகத்தான் தாங்கியது. அதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கொம்பிரசரால் ஊதித்தான் நாங்கள் தொழில் பழகினோம். அந்தத் தூள் நுரையீரலில் புற்றுநோய் கொண்டுவரும் என்று அப்போது யார் சொன்னார்கள்? பொடியன்களுக்கு இப்போது நனைத்துச் சுரண்டச் சொல்கிறேன், ஊத விடுவதில்லை.

அப்புறம், எஞ்சின் ஏன் சூடேறியது என்று அந்தப் பக்கத்தில் ஒரு வரியும் இல்லை. கேத்திலில் கல்லுப் படிகிற கிணற்றுத் தண்ணீரைத்தான் பலர் றேடியேற்றருக்கும் ஊற்றுகிறார்கள். அடுத்த முறை அதைப் பற்றி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கராஜ்காரன் ஒருவன்,
மாங்குளம்.