படிவத்தில் உன் பெயர்

சத்துவாச்சாரி,
வேலூர்.
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கண்ணு,

போனில் சொன்னால் பாதியிலேயே "ஏம்பா, என்னைக் கேக்காம செஞ்சீங்க" என்று நீ ஆரம்பித்துவிடுவாய். மீதியை நான் முழுங்கிவிடுவேன். அதனால்தான் தபால். உறைக்குள் சின்னப் பொட்டலம் ஒன்று இருக்கும். கடுதாசியைப் படித்துவிட்டுப் பிரி.

நாய்க்குட்டி பொம்மி வந்து இன்றோடு 19 நாள். வீடியோவில் நீ பார்த்தது ஒரு காதும் வால் நுனியும்தான். காட்பாடியில் ஒரு அம்மா இருக்கிறார். தெருவில் கிடக்கிற குட்டிகளைத் தூக்கி வந்து, தேற்றி, வீடு பார்த்து அனுப்புகிறவர். பாலாற்றுப் பாலத்தடியில் எடுத்த நாலு குட்டியில் இரண்டைப் பார்வோ என்கிற கிருமி நோய் கொண்டுபோய்விட்டதாம். மிச்சத்தில் ஒன்று இவள், நாலரை மாதம். அந்தக் கிருமி மண்ணில் மாசக்கணக்கில் கிடக்குமாம், பினாயிலுக்கெல்லாம் மசியாதாம். வராந்தா முழுக்க பிளீச்சிங் கரைசல் ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் அடுத்த குட்டியை உள்ளே விட்டாராம். அங்கே இவளுக்குக் கோகோ என்று பெயர். உங்கம்மா வாயில் நுழையவில்லை, பொம்மி ஆக்கிவிட்டாள். நம்ம கோட்டையை ஆண்ட பொம்மு நாயக்கர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மாப்பிள்ளை லேப்ரடார் வாங்கித் தருவதாகச் சொன்னார். நல்ல மனசு. ஆனால் குளிர் தேசத்துக்கென்று இரண்டடுக்கு முடியோடு பிறந்ததைக் கொண்டுவந்து 40 டிகிரியில் வாட்ட எனக்கு மனசில்லை. நம்ம தெருக்கோடியில் ஒரு ஹஸ்கி இருக்கிறது. ஏசி அறையை விட்டு வெளியே வராது. பார்க்கும்போதெல்லாம் பஸ் மாறி ஏறிவிட்ட பிரயாணி ஞாபகம்தான் எனக்கு.

சின்ன வயசில் நீ நாய் கேட்டு அழுதாய். நான் முடியாது என்றேன், காரணம் சொல்லவில்லை. எனக்கு ஏழு வயசில் குடியாத்தத்தில் நாய் கடித்தது. அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றி 14 ஊசி. தினம் ஒன்றாக, உன் தாத்தா என்னைத் தோளில் போட்டுத் தூக்கிப்போவார். இப்போது அந்த ஊசியே கிடையாது, கையில்தான் போடுகிறார்கள். என் வயிற்றுக்கு அது தெரிய மாட்டேன் என்கிறது. பொம்மிக்கு மூன்று மாதம் முடிந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்று. ஊசி நோட்டை டாக்டரிடம் இரண்டு தரம் காட்டிக் கேட்ட பிறகுதான் இவளைத் தொட்டேன்.

குட்டியைக் கேட்டுப் போனால் அந்தம்மா எங்களைக் கேள்வி கேட்கிறார். கேட் எவ்வளவு உயரம், ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள், சங்கிலியிலேயே கிடக்குமா, ஆறு மாதம் ஆனதும் கருத்தடை செய்வீர்களா. மறுநாள் வீட்டுக்கே வந்து கேட் கம்பிக்கு நடுவில் கையை விட்டுப் பார்த்தார், "கீழே வலை அடிச்சுடுங்க" என்றார். 35 வருஷ சர்வீஸில் எந்த செக்கிங் இன்ஸ்பெக்டரும் என்னை இப்படிக் குடைந்ததில்லை.

வந்த மூன்று நாளும் கட்டிலுக்கு அடியில். "கூப்பிடாதீங்க, குனிஞ்சு பாக்காதீங்க. மூணு நாள் பயம், மூணு வாரத்துல வீடு பிடிபடும், மூணு மாசத்துலதான் உங்க நாய்" என்று முன்னமே சொல்லியிருந்தார். நான் தரையில் பாயைப் போட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு தினத்தந்தி படித்தேன். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு சளக் சளக் என்று தண்ணீர் குடிக்கிற சத்தம் வரும். உங்கம்மா என் முழங்கையை இடிப்பாள், "குடிக்குது, குடிக்குது." நாலாம் நாள் மத்தியானம் லுங்கி முனையில் என்னவோ கனத்தது. நான் திரும்பவில்லை. தாடையை அதன்மேல் வைத்துத் தூங்கிவிட்டிருக்கிறாள். ஒன்றரை மணி நேரம் கால் மரத்துப்போய், வரி விளம்பரம் வரைக்கும் படித்து முடித்தேன்.

"இன்னாத்துக்கு இந்த வயசுல நாயி, மூத்திரம் தொடைக்கவா?" என்று கேட்டவள்தான் உங்கம்மா. இப்போது தனிச் சட்டி. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ரத்தத்தைக் கெடுக்கும் என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொன்னதும், "அப்போ இவளுக்கு தெனம் கிருத்திகைதான்" என்றாள். திராட்சை கிட்னிக்கு ஆகாதாம், பாயசத்தில் அதை நிறுத்திவிட்டாள். எனக்கும் சேர்த்து. வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும் என்பதால், பிரியாணி அன்றைக்கு என் இலையில் எலும்பை எண்ணுகிறாள். பூஜை அறை வாசல்படியைத் தாண்டக்கூடாது என்பது மட்டும் இன்னும் சட்டம். படிமேல் தலையை வைத்துப் படுக்கலாமாம்.

ஆனி பிறந்தும் வெயில் இறங்கவில்லை. ஆறு மணிக்குள் நடந்துவிட்டு வந்துவிடுகிறோம். வெயில் ஏறிவிட்டால் தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பார்ப்பேன், எனக்குச் சுட்டால் அவளுக்கும் சுடும். வந்ததும் காதுமடல், விரலிடுக்கு எல்லாம் உண்ணி தேட வேண்டும். கண்ணாடி இல்லாமல் எனக்குத் தெரிவதில்லை, அது உங்கம்மா வேலை.

ஒரு தப்பு செய்தேன். பத்தாம் நாள் கேஸ் சிலிண்டர் வந்தபோது கேட்டைத் தாழ் போடாமல் விட்டேன். சர்வீஸ் ரோடு வரை ஓடிவிட்டாள், அந்தப் பக்கம் பெங்களூர் லாரிகள். துரத்தினால் இன்னும் ஓடும் என்று சொல்லியிருந்தும் நான் துரத்தினேன். உங்கம்மாதான் சோற்றுக் கிண்ணத்தைக் கரண்டியால் தட்டிக்கொண்டு வந்து ரோட்டோரத்தில் உட்கார்ந்தாள். நின்றிருந்த ஒரு டெம்போ அடியிலிருந்து மூக்கு வந்தது, அப்புறம் முழு நாயும் வந்தது. வீடு வரைக்கும் அவள் என்னோடு பேசவில்லை.

இனி விஷயம். அந்தம்மா கொடுத்த படிவத்தின் கடைசியில் ஒரு கேள்வி: உங்களால் பார்த்துக்கொள்ள முடியாமல் போனால் யார் பொறுப்பு? நல்லபடி வளர்ந்தால் நாட்டு நாய் 12, 14 வருஷம் இருக்கும். எனக்கு 64. கணக்கு உனக்கே தெரியும். பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் உன் பெயரும் போன் நம்பரும் எழுதினேன். உன்னைக் கேட்காமல் எழுதியது தப்புதான்.

உங்கள் அபார்ட்மென்டில் நாய் வளர்க்கக்கூடாது என்று சங்கத்தில் முடிவெடுத்ததாக நீ சொன்னது நினைவிருக்கிறது. அப்படித் தடை போட முடியாது என்று விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. உன்னை மடக்குவதற்காகச் சொல்லவில்லை. உனக்கு வேலை, குழந்தை, மாப்பிள்ளைக்கு நைட் ஷிப்ட். முடியாது என்றால் முடியாது என்று சொல்லு. அரக்கோணத்துச் சித்தி மகனைக் கேட்டுப் பெயரை மாற்றி எழுதித் தருகிறேன், வருத்தப்பட மாட்டேன். சரி என்று சொல்லிவிட்டு அப்புறம் திணறாதே, அவ்வளவுதான்.

வர்ற ஞாயிற்றுக்கிழமை அந்தம்மா உனக்குப் போன் பண்ணுவார். புது நம்பர் என்று கட் பண்ணிவிடாதே.

பொட்டலத்தில் இருப்பது பொம்மியின் முன்பல். நேற்று வராந்தா கூட்டும்போது அரிசி என்று நினைத்து உங்கம்மா முறத்தில் வாரினாள். பேத்திக்கும் இப்போது பல் விழுகிற வயசுதானே, அவளிடம் கொடு.

அப்பா