டி.சி. கேட்டு வந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டோம். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளை மட்டும் வீட்டில் காட்டாமல் பைக்குள்ளேயே வைத்திருக்கிறவர்கள் சிலர் இருப்பார்கள். கேட்டு வாங்கிப் பாருங்கள். அடிக்க வேண்டாம்.

இந்த வாரம் இரண்டு அப்பாக்கள் டி.சி. கேட்டு வந்தார்கள். ஒருவர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு மகனையும் கூட்டிப் போகிறாராம். இன்னொருவர், "படிப்பு ஏறல சார், எதுக்கு வீணா?" என்றார். இருவருக்கும் நான் எழுதித் தரவில்லை. கோபமாகத்தான் போனார்கள்.

நானும் ஒரு காலத்தில் டி.சி. கேட்டு நின்றவன். பாலக்கோடு பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் காடு. நான் பத்தாவது படித்த வருஷம் தக்காளி விலை விழுந்து, பறிக்கிற கூலிக்குக்கூடத் தேறாது என்று செடியிலேயே விட்டுவிட்டோம். அப்பாவுக்கும் உடம்பு சரியில்லை. அரையாண்டுக் கணக்கில் எனக்கு 11 மதிப்பெண். ஒன்பது நாள் பள்ளிக்கூடம் பக்கமே போகவில்லை. பத்தாவது நாள் போனேன், வகுப்புக்கு அல்ல, நேராக எழுத்தர் அறைக்கு.

எழுத்தர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "டி.சி. எழுத எனக்குப் பத்து நிமிஷம் போதும்டா. புஸ்தகம் இந்த பீரோவுலதான் இருக்கு, எங்கயும் ஓடிப் போகாது. பரீட்சை முடியட்டும், வந்து வாங்கிக்கோ. அதுவரைக்கும் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு படம் வரைஞ்சு எங்கிட்ட காட்டிட்டுப் போ."

படம் என்றால் கணக்கில் வருகிற முக்கோணம், தொடுகோடு. அவருக்கு அதெல்லாம் தெரியாது. பென்சில் முனை மழுங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். என் காம்பஸில் திருகு தளர்ந்து பென்சில் ஆடும். ஒரு காகிதத்தை மடித்துச் சொருகிக் கொடுத்தார். படத்தைப் பார்த்து முடித்ததும், தபாலுக்குக் குத்துகிற தேதி முத்திரையை எடுத்து ஓரத்தில் ஒரு குத்து. அவ்வளவுதான், ஒரு வார்த்தை பாராட்டு கிடையாது. ஒரு நாள் விட்டுப் போனால் அடுத்த பக்கத்தில் தேதி தாண்டி ஊதா மையில் பளிச்சென்று தெரியும். அதற்கு வெட்கப்பட்டே போய்க்கொண்டிருந்தேன்.

மார்ச்சில் 33 வாங்கித் தவறினேன். (இதைச் சொல்லாமல் விட்டால் கதை அழகாக இருக்கும்தான்.) மறுபடி எழுத்தர் முன்னால் போய் நின்றேன். அவர் டி.சி. புத்தகத்தை எடுக்கவில்லை. "ரெண்டு மார்க்குக்கா டி.சி.?" என்று கேட்டு, தனித்தேர்வர் விண்ணப்பத்தை அவரே நிரப்பினார். அந்தச் செப்டம்பரில் எழுதி 47 எடுத்தேன்.

இப்போது அவ்வளவு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. பொதுத்தேர்வில் தவறினாலும் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு வருகிறது. தேறினால் அதே ஆண்டு பதினொன்றாம் வகுப்பில் சேரலாம். கணக்கில் தேர்ச்சிக்கு 35 வேண்டும். செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8 என்று அதில் 16 மதிப்பெண் இந்த இரண்டு கேள்விகளிலேயே இருக்கிறது. இரண்டும் கை பழகினால் வரக்கூடியவை. 11 எடுத்த பிள்ளைக்கு எங்கே தொடங்குவது என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்.

அதனால் மாலை வகுப்பு ஆறு மணி வரை நடக்கும். பெற்றோர் ஆசிரியர் கழகத்தார் சுண்டலுக்கு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பாட்டி வீட்டில் பிள்ளைகளை விட்டுவிட்டு வெளியூரில் வேலை செய்கிறவர்கள், இரவு போனில் "சாப்பிட்டியா?" என்று கேட்கும்போது "இன்னிக்கு என்ன படம் வரைஞ்சே?" என்றும் கேளுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு மார்க் குறைந்ததும் வரன் பேச்சு எடுப்பது நம் பக்கம் இன்னும் இருக்கிறது. 18 வயது முடியாமல் கல்யாணம் சட்டப்படி குற்றம். காதில் விழுந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு நானே பேசுவேன். அப்புறம் என்மேல் வருத்தப்படக் கூடாது.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பத்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டம். கூலி வேலையை விட்டு வர முடியாதவர்கள் மாலை ஏழு மணிக்கு மேல் வாருங்கள், இருப்பேன். டி.சி. கேட்ட இருவரும் பிள்ளைகளோடு வர வேண்டும். தேதி முத்திரையும் புது மையும் என் மேசையில் தயாராக இருக்கின்றன.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்