வரவேற்பு விழாவுக்கான பாட்டுகள் குறித்து

திருகோணமலை

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பிய பாட்டுப் பட்டியல் கிடைத்தது. தங்கையின் வரவேற்பு விழாவுக்கு நீ தெரிந்தெடுத்தவற்றுள் பெரும்பாலானவை எனக்கும் பிடித்தவைதான். ஆயினும் சிலவற்றில் எதிர்பாராத இடத்தில் தூஷணம் வருவதால் அந்த இடங்களை வெட்டப் போகிறேன் என்று தொலைபேசியில் சொன்னபோது, பாடினவனின் வாயைப் பொத்த உங்களுக்கு என்ன உரிமை என்று கோபப்பட்டாய். இரண்டு பேரும் சத்தம் போட்டதுதான் மிச்சம். ஒலிபெருக்கித் தொழிலிலேயே தலை நரைத்தவன் என்ற முறையில் என் பக்கத்து நியாயத்தை எழுத்தில் வைக்கிறேன்.

உப்புவெளி மண்டபத்தில் அன்று யார் யார் இருப்பார்கள் என்று யோசித்துப் பார். ரொறன்ரோவிலிருந்து வரும் உன் மச்சாள்மாரின் பிள்ளைகளுக்கு அந்த ஆங்கிலச் சொற்கள் பள்ளிக்கூட பஸ்ஸிலேயே பழகிப்போனவை. முன்வரிசையில் இருக்கப்போகும் அப்பம்மாவுக்கோ அவற்றில் ஒன்றும் விளங்காது. கூச்சத்தில் நெளியப் போவது இந்த இரண்டு தலைமுறைக்கும் நடுவில் இருக்கும் நாங்கள்தான். பிள்ளைகளைக் காப்பதற்காகத் தணிக்கை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டாலும், அது பெரும்பாலும் பெற்றோரின் முகத்தைக் காப்பாற்றவே நடக்கிறது என்பதை உனக்கு முன்பே நான் ஒப்புக்கொள்கிறேன்.

பெற்றோரின் பதற்றம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 'லூயி லூயி' என்ற பாட்டின் கதையே போதும். ரிச்சர்ட் பெரி 1957இல் வெளியிட்ட அந்தப் பாட்டு, ஒரு கடலோடி மதுக்கடைக்காரரிடம் தன் காதலியை நினைத்துப் புலம்புவது. துறைமுகப்பட்டினத்தில் பிறந்த நமக்கு அதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை. ஆனால் 1963இல் கிங்ஸ்மென் குழுவினர் அதைப் பாடிப் பதிவுசெய்தபோது உச்சரிப்பு குழறிப்போனதால், அதற்குள் ஆபாசம் ஒளிந்திருக்கிறது என்று வதந்தி பரவி, பெற்றோர் ஒருவர் அமெரிக்கச் சட்டமா அதிபர் ரொபர்ட் கென்னடிக்கே முறைப்பாடு எழுதிவிட்டார். எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இசைத்தட்டை வெவ்வேறு வேகங்களில் ஓட்டிக் கேட்டு, எந்த வேகத்திலும் சொற்கள் விளங்கவில்லை என்று முடிவு கட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், 54ஆவது செக்கன் அளவில் ட்ரம்ஸ் வாசிப்பவர் பின்னால் இருந்து உண்மையாகவே ஒரு தூஷணத்தைக் கத்துகிறார். தேடிப் போனவர்களின் காதில் அது விழவேயில்லை. பீட்டில்ஸ் குழுவினரின் 'ஹே ஜூட்' பாட்டிலும் மூன்றாவது நிமிடம் நெருங்கும் இடத்தில் அப்படி ஒன்று மெல்லக் கேட்கும். 1968இலிருந்து உலக வானொலிகள் அதை அப்படியே ஒலிபரப்பி வருகின்றன.

ஆகையால் நான் தேடி அலைந்து வெட்டுகிறவன் அல்லன். மண்டபத்தின் கடைசி வரிசை வரை தெளிவாகப் போய் விழும் சொற்களை மட்டுமே தொடுகிறேன். தொடும் முறையிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. தொலைக்காட்சிக்காரர்கள் போடும் 'பீப்' சத்தம், 1000 ஹேர்ட்ஸ் அளவில் ஒரே சீராக எழும் ஒலி. காது மிக எளிதில் பிடித்துக்கொள்ளும் எல்லைக்குள் அது இருப்பதால், மறைக்க வேண்டிய சொல்லுக்கு மணியடித்து ஆள் சேர்ப்பதுபோல் ஆகிவிடும். 2015 டிசம்பரில் தமிழ்நாட்டில் 'பீப் பாட்டு' என்றே பெயரெடுத்த ஒன்று பொலிஸ் முறைப்பாடு வரை போனதை நீ அறிவாய். பீப்பைப் போட்டும் சொல் என்னவென்று கேட்ட எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. சிலர் அந்தச் சொல்லை மட்டும் பின்னிருந்து முன்னாக ஓட்டுவார்கள். அது வேறேதோ பாஷை போலக் கேட்டு உறுத்தும். பாடகரின் குரலை வழக்கமாக இடப்பக்க, வலப்பக்க ஒலிபெருக்கிகள் இரண்டிலும் சம அளவில் வைத்துக் கலப்பதால், ஒரு பக்கத்து ஒலியலையைத் தலைகீழாக்கி மற்றதோடு சேர்த்தால் குரல் கரைந்துவிடும். ஆனால் அதே நடுவில் இருக்கும் பேஸ் கிற்றாரும் கிக் ட்ரம்மும் கூடவே போய்விடுவதால், ஆடிக்கொண்டிருப்பவர்களுக்குக் கால் தடுமாறும்.

எல்லாவற்றிலும் நல்லது, பாடியவரே பாடிக் கொடுத்த மாற்றுப் பதிப்பு. சீலோ கிரீன் 2010இல் தூஷணத்தையே தலைப்பாக வைத்த தன் பாட்டை, வானொலிக்காக 'ஃபர்கெட் யூ' என்று தானே மாற்றிப் பாடினார். அதுவும் நன்றாகவே ஓடியது.

எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாயா அருள்பிரகாசத்தின் பாட்டு உன் பட்டியலில் இருப்பதில் எனக்குப் பெருமைதான். யாழ்ப்பாணத்தில் சிறு பிராயத்தைக் கழித்த பிள்ளை அவர். 2007இல் வெளிவந்த அவருடைய 'பேப்பர் பிளேன்ஸ்' என்ற அந்தப் பாட்டின் பல்லவியில் வரும் துப்பாக்கி வெடிச் சத்தங்களை எம்டிவி மழுங்கடித்தது. அந்தச் சத்தத்தைப் பாட்டில் மட்டும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு எவ்வளவு மென்மையான காது! 2012இல் அமெரிக்கக் கால்பந்து இறுதியாட்டத்தின் இடைவேளை நிகழ்ச்சியில் அவர் நடுவிரலைக் காட்டியபோது, என்.பி.சி. தொலைக்காட்சி திரையை மங்கலாக்கியது, ஆனால் கணநேரம் பிந்திவிட்டது. அவரிடம் மில்லியன் கணக்கான டொலர் கேட்டு அந்த ஆட்டத்தை நடத்தும் என்.எஃப்.எல். அமைப்பு தொடுத்த வழக்கு 2014இல்தான் இணக்கத்துக்கு வந்தது. அந்த வெடிச் சத்தங்களில் நான் கைவைக்க மாட்டேன் என்று உனக்கு உறுதி தருகிறேன்.

தடை பயன் தராது என்ற உன் கட்சிக்கு நானே சாட்சி சொல்வேன். 1952இல் இந்திய அமைச்சர் கேஸ்கர் சினிமாப் பாட்டுகளை அகில இந்திய வானொலியிலிருந்து ஒதுக்கியபோது, நேயர்கள் இலங்கை வானொலிக்கு முள்ளைத் திருப்பினார்கள். நமக்கு அது லாபமாகவே முடிந்தது. தூஷணம் உள்ள பாட்டு என்று காட்ட 1985இல் அமெரிக்காவில் தொடங்கிய எச்சரிக்கை ஒட்டுவில்லை, இன்று பாட்டுச் செயலிகளில் அதே பொருளில் தெரியும் சிறிய பெட்டிக்குறி ஆகியவற்றில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஏனென்றால் கேட்பதா விடுவதா என்பது அப்போதும் கேட்பவரின் கையிலேயே இருக்கிறது. நீ காதுக்குள் செருகிக்கொண்டு கேட்கும் பாட்டில் ஓர் எழுத்தைக்கூட நான் குறைக்கச் சொல்லவில்லை. ஒலிபெருக்கி அப்படியல்ல; மண்டபத்துக்குள் இருப்பவரும், வீதியில் போகிறவரும், பக்கத்து வீட்டில் நோயாகக் கிடப்பவரும் அதை நிறுத்த முடியாது. காது கொடுக்காதவருக்கும் கேட்கும் பொருளை ஓட்டுகிறவனுக்கு, கேட்கிறவனுக்கு இல்லாத ஒரு பொறுப்பு வருகிறது.

ஆகவே நான் செய்யப்போவது இதுதான். மாற்றுப் பதிப்பு உள்ள பாட்டுகளுக்கு அதையே ஓட்டுவேன். இல்லாதவற்றில், குரலைத் தனியே பிரிக்கும் மென்பொருளைக் கொண்டு, தாளத்தை அப்படியே ஓடவிட்டுக் குரலை மட்டும் அந்தச் சொல்லின் முதல் எழுத்திலிருந்தே இறக்குவேன். பாதிச் சொல்லை விட்டால் மீதியைச் சபை சேர்ந்து பாடும். பெரியவர்கள் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, கதவுகளைச் சாத்தி, சத்தத்தைக் குறைத்து நீங்கள் முழுதாகவே போட்டு ஆடலாம். அதற்கென்று ஒரு தனிப் பட்டியல் தயாரித்து வை. கடைசிப் பாட்டில் இரண்டாவது சரணத்தின் வேகம் என் காதுக்குப் பிடிபடவில்லை, அதைக் கேட்டுச் சொற்களை எழுதி அனுப்பு. பாட்டுகளை வாட்ஸ்அப்பில் அனுப்பாதே. கூகுள் டிரைவில் போட்டு இணைப்பை மட்டும் அனுப்பு.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா