காலையில் திணறும் எஞ்சின்: மாற்றும் முன் அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு அடம்பிடிப்பது, கிளம்பிய சில நிமிடங்களுக்குத் திக்கித் திணறுவது, சூடானதும் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுவது: பழைய ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் கார் வைத்திருப்பவர்களுக்குப் பழகிப்போன தொல்லை இது. பிளக்கை மாற்று, பெட்ரோல் பம்ப்பை மாற்று, இன்ஜெக்டரைக் கழுவு என்று வைத்தியம் நடக்கும். பணம் போகும், பழுது அப்படியே இருக்கும். பட்டறைக்கு ஓட்டிப்போகும் வழியிலேயே எஞ்சின் சூடாகிவிடுவதால், மெக்கானிக் கண்ணுக்குக் கோளாறு தென்படுவதே இல்லை. வண்டியை முதல்நாள் இரவே பட்டறையில் விட்டு, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன்பே சோதிக்கச் சொல்லுங்கள்.

ஆறிய எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். கார்புரேட்டர் காலத்தில் சோக் செய்த அந்த வேலையை இப்போது எஞ்சின் கம்ப்யூட்டர் செய்கிறது. எஞ்சின் ஆறியிருக்கிறதா என்பதை அது முக்கியமாகத் தெரிந்துகொள்வது கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலை சென்சார் மூலம். பல பழைய கார்களில் டாஷ்போர்டு முள்ளுக்கு ஒற்றை ஒயருடன் ஒரு சென்சாரும், கம்ப்யூட்டருக்கு இரண்டு ஒயருடன் இன்னொன்றும் இருக்கும். முள் சரியாகக் காட்டுகிறது என்பதற்காக இரண்டாவதை நம்பிவிடக் கூடாது.

ரேடியேட்டர் மூடியை ஆறிய நிலையில் மட்டும் திறந்து, முதலில் கூலண்ட் அளவைப் பாருங்கள். அளவு இறங்கி சென்சார் காற்றில் தொங்கினால், அது சொல்வது எதுவும் மெய்யில்லை. அளவு சரியென்றால் இக்னிஷனை அணைத்து, சென்சார் கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரின் இரு முனைகளையும் சென்சாரின் இரு பின்களில் வையுங்கள். பரவலாகப் பயன்படும் பாஷ் வகை சென்சாரில் 20 டிகிரி செல்சியஸில் சுமார் 2,500 ஓம் மின்தடை, 40 டிகிரியில் 1,200 ஓம், 80 டிகிரியில் 320 ஓம் வரவேண்டும். வேறு தயாரிப்பென்றால் அந்த காரின் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். ஆறிய எஞ்சினில் 300 ஓம் காட்டினால், 'எஞ்சின் சூடாக இருக்கிறது' என்று கம்ப்யூட்டர் ஏமாந்து பெட்ரோலைக் குறைத்துவிடும். காலைத் திணறலுக்கு அது ஒன்றே போதும். சந்தேகமிருந்தால், கழற்றிய கனெக்டரில் 2,200 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் செருகி ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்துக்கொண்டால் குற்றவாளி சென்சார்தான்.

கனெக்டரில் பச்சை பூத்திருந்தால் கதை வேறு. அந்தத் துரு 500 ஓம் தடையைக் கூட்டுகிறது என்று வையுங்கள். ஆறிய நிலையில் 2,500 என்பது 3,000 ஆகும், நாலைந்து டிகிரிதான் வித்தியாசம். சூடான நிலையிலோ 320 என்பது 820 ஆகிவிடும். 80 டிகிரியில் ஓடும் எஞ்சினைக் கம்ப்யூட்டர் 50 டிகிரி என்று எண்ணி பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். பிளக் கரிப்பிடிக்கும், மைலேஜ் விழும், ஆயில் டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை வரும். ஸ்டார்ட் மட்டும் நன்றாக இருக்கும்!

'ஸ்கேனரில் எரர் இல்லை, ஆகவே சென்சார் நல்லது' என்ற வாதம் செல்லாது. ஒயர் அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோதான் பழைய கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் எச்சரிக்கை விளக்கைப் போடும். நம்பும்படியான பொய்யை அவை கண்டுகொள்வதில்லை. இரவு முழுக்க நின்ற வண்டியில் கூலண்ட் வெப்பநிலையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்கேனரில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

சென்சார் நல்லதென்றால் அடுத்த சந்தேகம் வாக்குவம் ஹோஸ், அதாவது எஞ்சின் காற்றை உறிஞ்சும் வழியோடு இணைந்த ரப்பர் குழாய். வருடக்கணக்கில் வெந்து விறைத்த ரப்பர் ஆறியதும் சுருங்கி, வெடிப்பு வழியே காற்றை இழுக்கும். சூடேறி, புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் சுமார் 300 டிகிரியைத் தாண்டி வேலை செய்யத் தொடங்கியதும் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டி ஈடுகட்டிவிடும். அதனால்தான் திணறல் தானாக மறைகிறது.

எஞ்சின் சூடாகவே மறுத்தால், சூடான பிறகே கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். ஸ்டார்ட் செய்ததிலிருந்து ரேடியேட்டரின் மேல் ஹோஸ் வெகுநேரம் குளிர்ந்திருந்து, பிறகு சட்டென்று சுட வேண்டும். ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது யாரோ அதைக் கழற்றியே எறிந்திருக்கிறார்கள். 'வெயில் ஊரில் எதற்கு தெர்மோஸ்டாட்' என்று கழற்றுவது மெக்கானிக்குகளிடம் ஊறிப்போன பழக்கம், தவறான பழக்கம். பைபாஸை மூடும் வகை தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் கூலண்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றிவரும், ஏற்றத்தில் எஞ்சின் கொதிக்கவும் செய்யும். புதியதைப் போடுமுன் தெர்மாமீட்டரோடு வெந்நீரில் போட்டுப் பாருங்கள். 82 என்று பொறித்திருந்தால் அதையொட்டித் திறக்கத் தொடங்க வேண்டும்.

தெர்மோஸ்டாட்டையோ சென்சாரையோ மாற்றியபின் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, கையேட்டில் சொன்னபடி காற்றை வெளியேற்றி, எஞ்சின் ஆறிய பிறகு கூலண்ட் அளவை மறுபடி பார்த்து நிரப்புங்கள். உள்ளே காற்றுக்குமிழ் தங்கினால் புது சென்சாரும் பழையதைப் போலவே தப்பாகத்தான் சொல்லும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்