ரிச்சி தெருவில் உதவிய அண்ணனுக்கு நன்றி

சனிக்கிழமை மாலை, சென்னை ரிச்சி தெருவில் கேபிள் வாங்க வந்த இடத்தில் என் புலம்பலை நின்று கேட்ட அண்ணனுக்கு இந்த நன்றி. பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

புது கம்ப்யூட்டரை நானே அசெம்பிள் செய்தேன். பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க்கை மாட்டினால் கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் பயாஸ் திரையில்கூடத் தெரியவில்லை. அப்பாவின் கடைசிப் படங்கள் அதில்தான் இருக்கின்றன, வேறு பிரதி கிடையாது. எல்லாம் போய்விட்டது என்றே நினைத்தேன்.

"எம்.2 எஸ்எஸ்டி போட்டிருக்கீங்களா தம்பி?" என்றுதான் முதலில் கேட்டீர்கள். சில மதர்போர்டுகளில் அந்தச் சின்ன அட்டை மாதிரி டிஸ்க்கை அதன் ஸ்லாட்டில் போட்டால், ஹார்ட் டிஸ்க் மாட்டும் சாட்டா போர்ட்டுகளில் ஒன்றிரண்டு வேலை செய்யாதாம். உங்கள் போனிலேயே என் போர்டின் மேனுவலைத் தேடி எடுத்து, அந்த வரியைக் காட்டினீர்கள். நான் மாட்டியிருந்தது சரியாக அந்த போர்ட்டில்!

அதைவிடப் பெரிய உதவி, என் கையிலிருந்த பழைய பவர் சப்ளையின் கேபிளைப் பார்த்துத் தடுத்தது. முனை பொருந்தினாலும் வயர் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், டிஸ்க்கே எரிந்துவிடலாம் என்றீர்கள். ஃபார்மட், இனிஷியலைஸ் என்று எது கேட்டாலும் ஓகே கொடுக்காதே, படங்கள் போய்விடலாம் என்றும் இரண்டு முறை சொன்னீர்கள்.

வீட்டுக்கு வந்து போர்ட்டை மாற்றினேன், டிஸ்க் தெரிந்தது. அன்றிரவே இன்னொரு பிரதி எடுத்துவிட்டேன். அம்மா ஒரு மணி வரை தூங்காமல் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணா, அடுத்த சனிக்கிழமையும் அந்தப் பக்கம் வருவேன். பார்த்தால் ஒரு டீயாவது சேர்ந்து குடிக்க வேண்டும்.